நூலக வரி கட்டும் எங்களுக்கு அறிவு நூல்களை இரவல் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெய்வேலியிலும் சுற்று வட்டார ஊர்களிலும் புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் எத்தனை அரங்குகள், எவ்வளவு விற்பனை, எந்தெந்தப் பேச்சாளர்கள் என்று தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களும் பக்கம் ஒதுக்கி எழுதுகின்றன. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பொது நூலகங்களிலிருந்து மக்கள் எந்த நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கிறார்கள், கேட்டும் கிடைக்காத நூல்கள் எவை என்பது பற்றி ஒரு செய்தி வந்து நான் பார்த்ததில்லை. மின்வாரியத்தில் களப்பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவனும், கடலூர் முதுநகரில் வசிப்பவனும், கதையல்லாத நூல்களைப் பெரும்பாலும் நூலகத்திலிருந்தே இரவல் வாங்கிப் படித்து வருபவனுமாகிய நான், இந்தப் பொருள் குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நாவலும் சிறுகதையும் படிப்பவரின் தேவை வேறு. வரலாறு, நிலவியல், வேளாண்மை, சட்டம், உடல்நலம், பயணம், தன்வரலாறு என்று படிப்பவரின் தேவை வேறு. கதை படிப்பவர் ஒரு நூலை எடுத்து, படித்து முடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். ஒரு கேள்வியோடு நூலகத்துக்குள் நுழைபவருக்கு ஒரு நூல் போதாது. முதல் நூல் பாதி விடையைத் தந்து இரண்டாவது நூலுக்கு அனுப்பும். இரண்டாவது நூலில் உள்ள ஒரு வரைபடத்தைப் புரிந்துகொள்ள மூன்றாவது நூல் வேண்டியிருக்கும். இத்தனை நூல்களையும் விலை கொடுத்து வாங்க ஓய்வூதியக்காரராலோ, ஒரு சிறு கடை நடத்துபவராலோ, கல்லூரி மாணவராலோ முடியாது. முடிந்தாலும் கண்காட்சியில் அவை ஒருசேரக் கிடைப்பதில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். உப்பனாற்றங்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் ஆண்டுக்கு ஆண்டு உவர்ப்பேறி வருவதைப் பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வார்கள். சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முதல் அடையாளம். இதற்குக் காரணம் என்ன என்று அறிந்துகொள்ளும் ஆவலில், எங்கள் கிளை நூலகத்தில் நிலத்தடி நீர் பற்றிய ஒரு பழைய தமிழ் நூலைத் தேடி எடுத்தேன். கடலோர நிலத்தடியில் நன்னீர் எடை குறைந்ததால் உப்பு நீரின் மேல் மிதந்தபடி இருக்கிறது என்றும், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதே இடத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்றும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபென், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்த கணக்கை அந்நூல் எளிய படத்துடன் விளக்கியது. அப்படியானால் மேலே நாம் இறைத்து ஒரு மீட்டர் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நீர் எவ்வளவு மேலேறி வரக்கூடும் என்பது அந்தப் படத்தைப் பார்த்தவுடனேயே விளங்கியது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று நம்பிச் செலவழிப்பவர்களுக்கு இந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினாலே போதும்.

அந்த நூல் என்னை நிலவியலுக்கு அனுப்பியது. மத்திய சிறை இருக்கும் கேப்பர் மலைச் செம்மண் மேட்டை நாங்கள் பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். அந்த மேட்டின் பாறை, நிலவியலாளர்களால் கடலூர் மணற்கல் என்றே அழைக்கப்படும் ஒரு பெரிய படிவத்தின் பகுதி என்பதும், நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி அதே படிவத்துக்குள்தான் படிந்திருக்கிறது என்பதும், திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் அதே படிவத்தைச் சேர்ந்தவை என்பதும் எனக்கு இரவல் நூல்கள் வழியாகத்தான் தெரிய வந்தன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தைப் பாதுகாப்பாகத் தோண்ட முடியும் என்பதையும் படித்தேன். எங்கள் தெருக் கிணற்றின் உவர்ப்புக்கு எது எவ்வளவு காரணம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது நீரியல் வல்லுநர்கள் அளந்து சொல்ல வேண்டியது. ஆனால் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதிகாரிகளிடம் என்ன கேட்க வேண்டும், அவர்கள் தரும் விடையில் எதை மேலும் விசாரிக்க வேண்டும் என்பதை இந்த நூல்கள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒருவனுக்கு இதை வேறு எந்த நிறுவனமும் கட்டணமின்றிக் கற்றுத் தந்திருக்காது.

புயலைப் பற்றியும் இப்படித்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தும் பணியில் நாங்கள் இரவு பகலாக இருந்தோம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்து கிடந்ததை இந்த மாவட்டத்தார் யாரும் மறக்க முடியாது. நம் அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, அதனால் புயலின் கண் கடந்து செல்லும் ஊரில் முதலில் ஒரு திசையிலிருந்து காற்று அடித்து, பிறகு அமைதி நிலவி, அதன்பின் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு வானிலை நூலில் படித்தேன். இந்தச் செய்தியைப் புயலுக்கு முன்பே அறிந்திருப்பவர், காற்று ஓய்ந்துவிட்டது என்று எண்ணி இடைவேளையில் கூரை மேல் ஏற மாட்டார்.

இத்தகைய நூல்கள் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அவற்றில் பலவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிவதில்லை. விலை கூடுதலான நூல், படங்கள் உள்ள நூல், இனி அச்சில் கிடைக்காத நூல் ஆகியவற்றைக் குறிப்புதவிப் பிரிவில் வைத்துவிடுகிறார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பெடுக்கலாம் என்பது விதி. அகராதிகளையும் கலைக்களஞ்சியத்தையும் அப்படி வைப்பது சரியே. 350 பக்கம் உள்ள ஒரு வரலாற்று நூலையோ மண்வளம் பற்றிய நூலையோ நூலக மேசையில் உட்கார்ந்து படித்து முடிக்க யாரால் முடியும்? காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் வரும் நேரத்தில் நூலகம் மூடும் நேரமும் நெருங்கிவிடுகிறது. வீட்டு வேலைகளை முடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல்தான் ஒரு பெண்ணுக்குப் புத்தகத்தைத் திறக்க நேரம் கிடைக்கிறது. அவருக்குக் குறிப்புதவிப் பிரிவால் என்ன பயன்? தொலைந்துவிடும், கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் நூலகர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தொலைந்த நூலுக்கு அவர்களே பதில் சொல்ல வேண்டிய நிலையையும் அறிவேன். அந்தச் சுமையை அவர்கள் தோளிலிருந்து இறக்கி, நியாயமான அளவு இழப்பைக் கணக்கிலிருந்து தள்ளிவிட வழி செய்தால், பூட்டிய அலமாரிகள் தாமாகவே திறக்கும்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்கள் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒருவர் உலகத்துக்கே தந்த இந்த விதிகளைக் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் உள்ள நாம் முழுமையாகப் பின்பற்ற வேண்டாமா? அவருடைய தூண்டுதலால்தான் 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படிதான் இன்றும் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து நூலக வரியாகச் செல்கிறது. ரசீதை எடுத்துப் பார்த்தால் அந்தத் தொகை தனி வரியாக அச்சிட்டிருக்கும். நூலகப் பக்கமே போகாத குடும்பங்களும் இதைக் கட்டுகின்றன. வாடகைக்கு இருப்பவர்களும் வாடகையின் வழியாக இதில் பங்கு செலுத்துகிறார்கள். ஆகவே அந்த அலமாரியில் உள்ள நூல்களுக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டோம். அவற்றை எடுத்துச் சென்று படிப்பதை யாரும் சலுகையாக எண்ணிக் கூச வேண்டியதில்லை.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் கிளை நூலகத்தில் காலை திறந்தது முதல் மூடும் வரை நாற்காலிகளை நிரப்பியிருப்பவர்கள் அவர்கள்தான். வீட்டில் இடமும் அமைதியும் இல்லாத பிள்ளைகளுக்கு நூலகம் இடம் கொடுப்பதைவிட நல்ல காரியம் இல்லை. ஆனால் அவர்களுக்கென்று வாங்கும் வினா-விடைத் தொகுப்புகள் ஒவ்வோர் ஆண்டும் பழசாகிவிடுகின்றன. அலமாரியோ அவற்றால் நிறைகிறது. தேர்வாணையத்தின் பாடத்திட்டத்தில் உள்ள தமிழக வரலாற்றையும் புவியியலையும் அறிவியலையும் நல்ல மூல நூல்களில் படித்த பிள்ளை வினாத்தாள் எப்படி மாறினாலும் விடை எழுதும் என்பதை அந்த இளைஞர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதே பணத்தில் ஒரு பகுதியையாவது நிலைத்த நூல்களுக்குச் செலவிட்டால் அவர்களும் பயனடைவார்கள், நாங்களும் பயனடைவோம்.

பழைய நூல்கள் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கதையல்லாத நூல்களைப் பொறுத்தவரை இது மிகவும் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை. முந்திரிக்கு எண்டோசல்ஃபான் தெளிக்கச் சொல்லும் வேளாண்மை நூல் இன்னும் அலமாரியில் இருந்தால் அது கேடு. அந்த மருந்தை 2011இலேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களைச் சொல்லும் வழிகாட்டி நூலைப் படித்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போகிறவர் குழம்பித்தான் திரும்புவார். மருந்தளவு சொல்லும் பழைய மருத்துவ நூல்கள் இன்னும் ஆபத்தானவை. இவற்றையெல்லாம் கழித்துவிட வேண்டும், அல்லது முதல் பக்கத்தில் எச்சரிக்கைச் சீட்டாவது ஒட்ட வேண்டும்.

ஆனால் கழிவு நூல்கள் என்று கட்டிப் போடும்போது இவற்றோடு சேர்ந்து போகக்கூடாதவையும் போய்விடுகின்றன. ஒருமுறை கயிறு கட்டி மூலையில் வைத்திருந்த கட்டு ஒன்றை நூலகரின் அனுமதியோடு பிரித்துப் பார்த்தேன். காலிகோ அட்டை போட்ட ஒரு நூல், தென்னார்க்காடு மாவட்டத்தின் ஏரிகளையும் வாய்க்கால்களையும் பற்றியது. அட்டை மூலையைக் கரையான் கொஞ்சம் தின்றிருந்தது, உள்ளே ஒரு எழுத்தும் சேதமில்லை. எப்போதோ இரவல் வாங்கிய ஒருவர் ஏரிகளின் பட்டியலுக்கு அருகே பென்சிலால் சிறிய எழுத்தில் குறிப்பு எழுதியிருந்தார். இது இப்போது பேருந்து நிலையம், இதில் பாதி குடியிருப்பு, இது இன்னும் இருக்கிறது என்று வரிக்கு வரி அவர் எழுதியிருந்ததைப் படித்தபோது, அச்சிட்ட நூலைவிட அந்தப் பென்சில் குறிப்புகளே எனக்குப் பெரிதாகத் தோன்றின. நூலக நூலில் எழுதுவது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் 1993இல் தென்னார்க்காடு மாவட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்ட பிறகு, அந்த ஏரிகளின் கதையை ஒரே இடத்தில் சொல்லும் நூலைத் தேதிச் சீட்டில் முத்திரை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழிக்கலாமா? நூலகர் பரிவோடு கேட்டு, அதைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த அவருடைய உதவியாளர், "ஐயா, இந்த வரிசைப் பக்கம் யாரும் வர்றதில்லீங்க" என்றார். யாரும் வராததற்கு, அந்த வரிசையில் நூல்கள் பொருள்வாரியாக இல்லாமல் கிடைத்த இடத்தில் செருகப்பட்டிருப்பதும், முதுகில் ஒட்டிய எண்கள் தேய்ந்து போயிருப்பதும் முக்கியக் காரணம். அறிவியலுக்கு 500, தொழில்நுட்பத்துக்கு 600, வரலாற்றுக்கும் புவியியலுக்கும் 900 என்று டூயி தசமப் பகுப்பு முறை வகுத்திருப்பது, வாசகர் தேடும் நூலுக்குப் பக்கத்திலேயே அவர் தேடாத, ஆனால் அவருக்கு வேண்டிய இன்னொரு நூலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான். நாவலை ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடலாம். அறிவு நூலை அலமாரியின் முன் நின்றுதான் கண்டுபிடிக்க முடியும்.

தமிழில் அறிவு நூல்கள் இல்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழில் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. கல்லூரிப் பாடங்களுக்காக இயற்பியலும் தாவரவியலும் பொருளாதாரமும் அரசின் முயற்சியில் தமிழில் நூல்களாக வந்தன. 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் பறவைகள், மரங்கள், மண், மழை என்று எத்தனையோ நூல்களைத் தமிழில் மலிவு விலையில் தந்தது. நம் பக்கத்து ஊரான புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு, அந்தக் காலத்துத் துறைமுக வணிகத்தையும் போரையும் விலைவாசியையும் இந்தக் கரையில் வாழ்ந்த ஒரு தமிழர் தம் கண்ணால் கண்டு எழுதி வைத்த ஆவணம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபின் ஆங்கிலேயரின் தலைமையிடமே நம் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறி 1752 வரை இங்கே இருந்தது என்பதைப் பாடநூலில் ஒரு வரியாகப் படித்தவர், அந்த நாட்குறிப்பில் அதே ஆண்டுகளைத் தேதிவாரியாகப் படிக்கும்போது கடற்கரைக்குப் போய் அந்த இடிபாடுகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். இவையெல்லாம் பதிப்பு தீர்ந்தோ, விலை எட்டாமலோ இருப்பவை. நூலகம்தான் இவற்றுக்கு இடம். சிலவற்றை இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள், அது பாராட்டத்தக்கது. எனினும் மடித்து ஒட்டிய வரைபடத்தைக் கைப்பேசித் திரையில் விரல்களால் இழுத்து இழுத்துப் பார்த்துப் புரிந்துகொள்வது அறுபதைக் கடந்தவர்களுக்கு எளிதன்று.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழில் வரும் கட்டுரை நூல்களில் மிகப் பலவற்றில் இறுதியில் அகரவரிசைச் சொல்லடைவு இருப்பதில்லை. சொந்த நூல் என்றால் எங்கே என்ன இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கெடு தேதிக்குள் திருப்பித் தர வேண்டிய இரவல் நூலில் ஒரு செய்தியைத் தேடுகிறவருக்குச் சொல்லடைவு இல்லாதது பெரிய குறை. ஏழெட்டுப் பக்கம் கூடுதலாகும் என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம்.

நூலகத் துறையிடம் நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. அச்சில் கிடைக்கும் அறிவு நூல்களைக் குறிப்புதவிப் பிரிவிலிருந்து இரவல் பிரிவுக்கு மாற்ற வேண்டும். வேறொருவர் கேட்டிராத நூலுக்குத் தொலைபேசியிலேயே கெடுவை நீட்டித்துத் தர வேண்டும். முதுநகர்க் கிளையில் இல்லாத நூல் பண்ருட்டியிலோ சிதம்பரத்திலோ இருந்தால் அதை வரவழைத்துத் தரும் ஏற்பாடு எல்லா வாசகருக்கும் தெரியும்படி அறிவிக்கப்பட வேண்டும். 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராக நூல்களை ஏற்றிச் சென்ற மாநிலம் இது. நூல்களைக் கழிக்கும் முன்பு வாசகர் வட்டத்திலிருந்து ஓர் ஆசிரியரையும் ஒரு விவசாயியையும் அந்தந்தத் துறை அறிந்த ஒருவரையும் அழைத்து ஒரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும். இதற்கு ஊதியமின்றி வர எங்கள் பகுதியிலேயே பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. மாவட்டச் செய்திப் பக்கத்தில் வாரம் ஒரு நாள், கால் பத்தி அளவு இடம் ஒதுக்கி, கடலூர் மாவட்ட நூலகங்களுக்குப் புதிதாக வந்து சேர்ந்த கதையல்லாத நூல்களில் ஐந்தாறின் பெயரையும், ஆசிரியர் பெயரையும், எந்தக் கிளையில் இரவல் கிடைக்கும் என்பதையும் வெளியிடுங்கள். அதனுடன் அந்தக் கிளையின் வேலை நேரத்தையும், விடுமுறை நாளையும், உறுப்பினராகச் சேர என்ன ஆவணம் கொண்டு வர வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், இதுவரை நூலகப் படி ஏறாதவர்களுக்கும் அது உதவும். பட்டியலை மாதந்தோறும் தொகுத்து எழுதி அனுப்பும் பொறுப்பை நூலகரின் ஒப்புதலோடு நானே ஏற்றுக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கடலூர் முதுநகர்.